காலத்தை விற்கும் வாணிகம்

உழைப்பார்க்கு ஓய்வு இன்றியமையாதது என்பது எல்லாத் தேயத்தாரும் எல்லாச் சமயத்தாரும் ஒப்பிய உண்மை. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்குமாறு வேதாகமம் விதித்தது. நம் முன்னோரும் அறுவடை முடிந்தபின் விழாக் கொண்டாடினர்; தேர்த்திருநாளுக்கும் ஆடிப்பெருக்குக்கும் உற்றார் ஊர் சென்று தங்கினர். இக்காலத்திலோ உற்றார் வீட்டில் தங்கும் வழக்கம் அருகி, விடுதியில் தங்கும் வழக்கம் பெருகிவிட்டது. மாதச் சம்பளம் பெறுவோரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மனைவி மக்களோடு உதகைக்கோ கோடைக்கானலுக்கோ சென்றுவர விழைகின்றனர். இவ்விழைவு குற்றமுடையதன்று. ஆயினும், நல்லதொரு விழைவு எங்குளதோ, அங்கே அதனைக் கொண்டு பொருளீட்டுவாரும் உளராவர். அவருள் நேர்மையுடையாரும் உளர், அஃதில்லாரும் உளர். காலப்பங்கு என்னும் விடுமுறை வாணிகத்தில் மக்கள் எவ்வாறு சொல்லால் வளைக்கப்படுகின்றனர் என்பதையும், அவர்க்குச் சட்டம் அளிக்கும் காப்பு யாது என்பதையும், யாம் கண்டும் கேட்டும் அறிந்தவாறு ஈண்டு எழுதுகின்றோம்.

டைம் ஷேர் என ஆங்கிலத்தில் வழங்கும் இம்முறை 1960களில் ஐரோப்பாவில் தோன்றியது. இதன் அடிப்படை எளிது. மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ உள்ள ஓர் அறையை ஒரே குடும்பம் விலைக்கு வாங்கினால், ஆண்டின் பெரும்பகுதி அது பூட்டிக் கிடக்கும். ஆண்டுக்கு 52 வாரம். வாரத்துக்கு ஒரு குடும்பமாக ஓர் அறையைப் பலர்க்குப் பங்கிட்டு விற்றால், வாங்குவோர்க்குச் செலவு குறையும். விற்போர்க்கு அறை வீணாகாது. நம் நாட்டில் இவ்வாணிகம் 1980களில் வேரூன்றியது. இங்கே பெரும்பாலும் அறையின் உடைமை விற்கப்படுவதில்லை. இத்தனை ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் இத்தனை நாள் தங்கலாம் என்னும் உறுப்பினர் உரிமையே விற்கப்படுகின்றது. ஆண்டுதோறும் தவறாமல் பயணம் செய்பவரும், பல மாதங்களுக்கு முன்னரே நாள் குறித்து அறை பதிவு செய்பவரும் இதனால் பயனடைந்ததுண்டு. ஆகவே இம்முறை முழுதும் வஞ்சனை என யாம் கூறோம். விற்கப்படும் பொருளினும், அது விற்கப்படும் முறையே எம் கருத்தை ஈர்த்தது.

அம்முறையை யாமே ஒருகால் நேரிற் கண்டோம். துணிக்கடையொன்றில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் இட்ட பரிசுச் சீட்டின் பயனாக எமக்கு ஓர் அழைப்பு வந்தது. “உங்கள் பெயருக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும், ஒன்றரை மணி நேரம் போதும்” என்றனர். இருவரும் சேர்ந்து வருதல் ஏன் எனில், ஒருவர் மட்டும் வரின் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” எனக் கூறி எழுந்துவிடுவர் அன்றோ?

நகரின் பெரிய ஓட்டல் ஒன்றின் மண்டபத்தில் ஏறத்தாழ இருபது மேசைகள் இட்டிருந்தனர். பாட்டொலி காதை அடைத்தது. எம் மேசைக்கு வந்த இளைஞர் மிக்க பணிவுடையவர். பிள்ளைகள் எத்தனை, எந்த மலையைக் காண ஆசை, சென்ற ஆண்டுப் பயணத்துக்குச் செலவு எவ்வளவு என அன்போடு வினவினார். யாம் கூறிய செலவை இருபத்தைந்தால் பெருக்கினார். விலைவாசி ஏற்றம் என்று சொல்லி அதனை இரட்டித்தார். வந்த பெருந்தொகையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதனடியில் 4,00,000 ரூபாய் என எழுதினார். “வீட்டிற்குச் சென்று ஆராய்ந்து நாளை சொல்கிறோம்” என்றோம். “சார், இந்த விலை இன்றைக்கு மட்டுந்தான்” என்றார். பின்னர் மேலாளர் என ஒருவர் வந்தார். விலை 3,20,000 ஆயிற்று. அவர்க்கும் மேலானவர் என மற்றொருவர் வந்தார், 2,70,000 ஆயிற்று. இடையிடையே ஒலிபெருக்கியில் ஒரு தம்பதியரின் பெயரைக் கூறி வாழ்த்த, மண்டபத்தார் கைதட்டினர். ஒரு பொருளின் விலை ஒரு மணி நேரத்துக்குள் இருமுறை இறங்குமாயின், அதன் உண்மை விலைதான் யாது? யாம் கையொப்பம் இடாத ஒப்பந்தப் படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுசென்று படிக்க வேண்டினோம். அங்ஙனம் வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை என்றனர். அச்சொல்லோடு எழுந்து வந்தோம். மூன்றரை மணி நேரம் கழிந்திருந்தது. பரிசாகக் கிடைத்தது இரண்டிரவு தங்குதற்கான ஒரு தாள். அதன் பின்புறத்தில், இரு மாதம் முன்னரே எழுதிக் கேட்க வேண்டும், விடுமுறைக் காலத்தில் செல்லாது, வரி தனி என நுண்ணிய எழுத்தில் நிபந்தனைகள் நிரம்பியிருந்தன.

யாம் எழுந்து வரக் காரணம் எம் அறிவின் கூர்மையன்று. எம் தெருவில் வாழும் பெரியவர் ஒருவர்க்கு நேர்ந்ததை முன்னரே அறிந்திருந்தமையே. அவர் முப்பத்துநான்கு ஆண்டு கணிதம் கற்பித்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். இத்தகைய மண்டபம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, 2,80,000 ரூபாய் விலைக்கு அவர் ஒப்பமிட்டார். 25 ஆண்டு, ஆண்டுக்கு 6 இரவு என்பது ஏற்பாடு. அன்றிரவே வங்கி அட்டை வழியாக 60,000 ரூபாய் செலுத்தினார். எஞ்சியது மாதத் தவணை. அத்தொகை அவர்தம் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து, அம்மையாரின் கண் சிகிச்சைக்கென ஒதுக்கி வைத்திருந்தது.

மறுநாட் காலையில் அவர் தாள்களோடு எம் வீட்டுக்கு வந்தார். “தம்பி, கூட்டு வட்டியை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கற்பித்தேன். நேற்றிரவு ஒரு பெருக்கல் கணக்குப் போட எனக்குத் தோன்றவில்லை. இதை என் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்?” என்றார். விடியுமுன் அவர் எழுதி வைத்திருந்த கணக்கு வருமாறு: ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 12,000 ரூபாய், அஃது ஒருபோதும் ஏறாது எனக் கொண்டாலும் 25 ஆண்டுக்கு 3,00,000. விலையோடு கூட்ட 5,80,000. மொத்த இரவுகள் 150. வரியும் தவணை வட்டியும் உணவும் நீங்கலாக, ஓர் இரவுக்கு ஏறத்தாழ 3,870 ரூபாய். அதுவும் ஓர் ஆண்டும் தவறாது சென்றால்தான். இனி, அந்த 2,80,000 ரூபாயை நூற்றுக்கு 7 வட்டிக்கு வங்கியிலிட்டால் ஆண்டுக்கு 19,600 கிடைக்கும். கட்டவேண்டியிருந்த 12,000 ரூபாயையும் அதனோடு கூட்டினால் 31,600. அதைக் கொண்டு விரும்பிய ஊரில், விரும்பிய விடுதியில், ஓர் இரவுக்கு 5,200 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆண்டுதோறும் ஆறு இரவு தங்கலாம். இருபத்தைந்து ஆண்டுக்குப் பின்னும் முதல் அப்படியே நிற்கும்.

இக்கணக்கில் கடினமானது யாதொன்றும் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்வான். மண்டபத்தில் அவர்க்குக் குறைவுபட்டது அறிவன்று, அவகாசமே. பசியோடு வந்த ஏசா ஒருவேளைக் கூழுக்குத் தன் மூத்த மகனுரிமையை விற்ற கதையை நாம் ஞாயிறு பள்ளியில் கற்றோம். ஒரு நாழிகை கழித்துக் கேட்டிருந்தால் அவன் விற்றிருப்பானோ? வணிகர் நமக்கு ஆண்டில் ஒரு வாரத்தை விற்கின்றனர். அதனை விற்பதற்காக, ஆராய்தற்குரிய ஓர் இரவை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கின்றனர். இவ்வாணிகத்தின் சூழ்ச்சி முழுதும் இதனுள் அடங்கும் என்பது எம் துணிபு.

ஒப்பந்தத்தை அவரும் யாமும் வரிவரியாகப் படித்தோம். பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் எந்த விடுதியிலும் தங்கலாம் என மண்டபத்தில் கூறினர். பருவங்களை நிறப்பெயரால் பிரித்து, அவர் வாங்கிய நிறத்துக்கு அந்நாட்கள் உரியனவல்ல என ஒப்பந்தம் கூறிற்று. வேண்டாதபோது கூடுதல் விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்றனர்; அதைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. பராமரிப்புக் கட்டணத்தை நிறுவனம் தன் விருப்பப்படி உயர்த்தலாம். அறை காலியாக இருந்தால்தான் கிடைக்கும். செலுத்திய முன்பணம் திரும்ப வராது. வழக்கு நேரின் தொலைவிலுள்ள நகரில் நடுவர் முன் செல்லவேண்டும் என்பன இருந்தன. இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல, வாய்மொழியாகக் கூறிய எவ்வுறுதியும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என ஒரு வாசகம். மூன்று மணி நேரம் வாயாற் பேசி விற்றவர், வாய்ச்சொல் செல்லாது என எழுதி ஒப்பம் வாங்குகின்றனர்!

வஞ்சனையாலோ பொய்யுரையாலோ பெற்ற இசைவைக் கொண்டு எழுந்த ஒப்பந்தத்தை, வஞ்சிக்கப்பட்டவர் தள்ளிவிடலாம் என 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகின்றது. ஆனால் பாட்டொலி நிறைந்த மண்டபத்தில் சொல்லப்பட்ட சொல்லுக்குச் சான்று எங்கே? இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1980களில் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் கேனரித் தீவுகளிலும், விடுமுறைக்குச் சென்ற பிரித்தானியரைத் தெருவில் மறித்துச் சுரண்டற் சீட்டுக் கொடுத்து, பரிசு எனக் கூறி மண்டபத்துக்கு அழைத்துச் சென்று விற்கும் வழக்கம் பெருகியது. முறையீடுகளும் பெருகின. அந்நாடுகள் கண்ட மருந்து கவனிக்கத்தக்கது. யார் என்ன சொன்னார் என்னும் வழக்கினுள் புகுவதினும், வாங்கியவர்க்குச் சில நாள் அவகாசத்தைச் சட்டத்தாலேயே அளிப்பது நன்று என அவை துணிந்தன. பிரிட்டன் 1992இல் இயற்றிய சட்டம், ஒப்பமிட்டபின் 14 நாளுக்குள் காரணம் கூறாமலே விலகும் உரிமையைத் தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் குறைந்தது 10 நாள் என விதித்தது. 2008ஆம் ஆண்டின் கட்டளை அதனை 14 நாளாக்கியது. அந்நாட்களுக்குள் வாங்குவோரிடமிருந்து முன்பணமே பெறலாகாது என்பதும், ஒப்பந்தமும் விவரத் தாளும் அவர் தேர்ந்த மொழியில் இருத்தல்வேண்டும் என்பதும் அதன் விதிகள். விலகும் உரிமையைக் காட்டும் படிவத்தை விற்றவர் கொடாவிடின் கெடு ஓராண்டு வரை நீளும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 10 நாள் அளிக்கின்றது.

அவகாசத்தோடு முடிவெல்லையும் வேண்டும் என்பதை ஸ்பெயின் கண்டது. முடிவின்றிச் செல்லும் ஒப்பந்தங்களால் பெற்றோர் ஒப்பமிட்ட கட்டணம் மக்கள் தலையிலும் விழும் நிலை இருந்தது. ஆகவே 1998ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய உரிமை 50 ஆண்டைக் கடத்தலாகாது என வரையறுத்தது. அச்சட்டத்தின் பின் காலவரையறையின்றி எழுதப்பெற்ற ஒப்பந்தம் செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஜனவரி 2015இல் தீர்ப்பளித்தது.

மற்றொரு கண்ணியும் உண்டு. “உங்கள் பங்கை வாங்க ஆள் இருக்கிறது, முதலில் இக்கட்டணத்தைச் செலுத்துக” எனத் தொலைபேசியில் அழைத்து, ஏமாந்தாரையே மீண்டும் ஏமாற்றுவோர் உளர். மெக்சிகோவின் போதைப்பொருட் கூட்டம் ஒன்று இவ்வழியில் அமெரிக்க முதியோரிடம் பொருள் பறித்தமையால், அமெரிக்க நிதித்துறை 2023இலும் 2024இலும் அதனோடு தொடர்புடையார்மேல் தடை விதித்தது. மறுவிற்பனை முடியுமுன் அதற்கெனக் கட்டணம் பெறுதலை ஐரோப்பியக் கட்டளை விலக்குகின்றது. எனவே, விற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்க்கு ஒரு காசும் கொடாதிருத்தலே அறிவுடைமை.

இனி நம் நாட்டு நிலை. ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் வாங்கியவர் 30 நாளுக்குள் அதனைத் திருப்பலாம் என 2024ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. காலப்பங்கு வாங்கியவர்க்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே சில நாள் கெடு அளிக்கின்றன. அஃது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுளதா எனக் காண்டல் வேண்டும். ஆயினும் நாம் காப்பற்றவர் அல்லோம். 1986ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 20 ஜூலை 2020 முதல் நடப்பிலுள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையற்ற வாணிகத்தையும், மயக்கும் விளம்பரத்தையும், ஒருதலையான ஒப்பந்தத்தையும் பெயர் சுட்டிக் கண்டிக்கின்றது. முறையீடு செய்வோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே செய்யலாம். நிறுவனத்தின் ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. செலுத்திய விலை 5,00,000 ரூபாயைக் கடவாதாயின் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு இடவேண்டும். ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருப்பினும் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லும் உரிமை அதனால் அழியாது என உச்ச நீதிமன்றம் டிசம்பர் 2018இல், வீடு விற்பனை பற்றிய வழக்கொன்றில் உறுதி செய்தது.

தலைமையாசிரியர் செய்தவற்றை வரிசையாகக் கூறுவோம், பிறர்க்கு உதவும். ஒப்பமிட்ட மூன்றாம் நாளே, ஒப்பந்தத்தைத் தள்ளுவதாகவும் பணத்தைத் திருப்புமாறும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினார். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினார். மண்டபத்தில் இளைஞர் கைப்பட எழுதிய கணக்குத் தாள் அவர் பையில் இருந்தது; “மே – எங்கும்” என அதில் எழுதியிருந்த இரண்டு சொற்களே பின்னர்ப் பெருஞ்சான்றாயின. முன்பணம் திரும்பாது என நிறுவனம் விடையிறுத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915க்கு அழைத்து முறையீட்டைப் பதிந்தார். அதற்கும் நிறுவனம் இணங்காமையால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு இட்டார். மனுவைத் தமிழிலேயே எழுத யாம் உடனிருந்து உதவினோம்.

சட்டம் விரைவை வேண்டினும் நடைமுறை நீள்வதுண்டு. பத்து மாதம் சென்றது. ஆணையம் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப, நிறுவனம் 54,000 ரூபாயைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தையும் நீக்கியது. 6,000 ரூபாய் போயிற்று. தவணைக் கடன் ஒழிந்தது. அம்மையார்க்குக் கண் சிகிச்சையும் நடந்தது. இடையில் ஒருநாள் ஆணையத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, “பணத்தைவிட, இதை வெளியில் சொன்னதுதான் எனக்குக் கடினமாக இருந்தது” என்றார். மெய்யே. ஏமாந்தார் நாணி வாய் மூடுவதே ஏமாற்றுவார்க்கு மிகப் பெரிய துணை. அவர் வாய் திறந்தபின், அதே மண்டபத்தில் ஒப்பமிட்ட வேறு இரு குடும்பத்தார் அவரைத் தேடி வந்தனர்.

இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்க்கு இரு சொல். உங்கள் பெற்றோர்க்கு இத்தகைய அழைப்பு வருமாயின், செல்லற்க எனத் தடுக்க வேண்டுவதில்லை. வங்கி அட்டையை வீட்டில் வைத்துச் செல்லுமாறு கூறுங்கள். சட்டம் தராத அவகாசத்தை நாமே நமக்குத் தந்துகொள்ளுதல் அது. சொல்வன எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கவும், படியை வீட்டுக்குக் கொணரவும் சொல்லுங்கள். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தமை வாணிகத்துக்கும் பொருந்தும்.

மற்றொன்று, நீங்கள் நாளை விற்போராகவும் இருக்கக்கூடும் என்பது. எம் மேசைக்கு வந்த பணிவுள்ள இளைஞர் ஒரு பட்டதாரி. விடைபெறும்போது, அம்மாதத்தில் இன்னும் இரண்டு ஒப்பந்தம் முடித்தாலன்றித் தமக்கு வேலை நிலையாது என மெல்லக் கூறினார். அவர் தீயவர் அல்லர்; தீய ஏற்பாடொன்றில் அமர்த்தப்பட்டவர். நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் வெளிச்செல்வோருள் சிலர்க்கு முதலிற் கிடைக்கும் வேலை இத்தகையதாகவே இருக்கும். பசியையும் கடனையும் அறிந்த யாம் அவ்வேலையை உதறுக என எளிதில் சொல்லமாட்டோம். ஆனால் எப்பொருளை விற்க நேரினும் உங்களை நீங்களே வினவிக்கொள்ளத் தக்க வினா ஒன்றுண்டு: வாங்குவோர் இத்தாளை வீட்டுக்குக் கொண்டுசென்று, ஓர் இரவு உறங்கி எழுந்து, மனைவியோடும் மக்களோடும் கணக்கிட்டுப் பார்த்தபின்னும் இதனை வாங்குவாரா? ஆம் எனில், அஞ்சாது விற்க. அன்று எனில், உம் ஊதியம் பிறரது ஓய்வுக்காலத்தினின்றும் எடுக்கப்படுகின்றது என அறிக.